ஒரு மரபணுவை 'ஆன்' செய்ய இத்தனை பேரா?

கேள்வி இதுதான்: "கண் செல்லுக்கும் எலும்பு மஜ்ஜை செல்லுக்கும் ஒரே டி.என்.ஏ. என்கிறார்கள். மஜ்ஜையில் மட்டும் ஹீமோகுளோபின் மரபணு வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்' என்ற புரதம் வந்து அதை ஆன் செய்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் மீடியேட்டர், கோஆக்டிவேட்டர் என்று முப்பது புரதம் சேர்ந்த கூட்டங்கள் எல்லாம் எதற்கு? ஒரு ஸ்விட்சைத் தட்ட இத்தனை பேரா?"

உங்களைக் குழப்பியது 'ஸ்விட்ச்' என்ற சொல். வகுப்பில் பல வருடம் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தவன் நான், அதனால் பழியில் எனக்கும் பங்குண்டு.

பாக்டீரியாவில் அந்த உவமை ஓரளவு ஓடும். ஈ. கோலை பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று 1961இல் ஜேக்கப்பும் மோனோவும் எழுதினார்கள். ஒரு தடுப்புப் புரதம் டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும். சர்க்கரை வந்தால் எழுந்து போய்விடும், மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி வேலையைத் தொடங்கும். தூண்டும் புரதங்களும் அங்கே நேராக நொதியின் தோளைத் தொட்டுத்தான் தூண்டுகின்றன. இடையில் யாரும் கிடையாது. 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அந்தத் தடுப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, ஒரு பாக்டீரியாவுக்குப் பத்துப் பிரதி அளவில்தான் அது இருந்தது. பத்துப் பேரால் நடக்கிற நிர்வாகம்.

நம் செல்லில் கதை வேறு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் சுமார் இரண்டு மீட்டர் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றி, ஓர் உருண்டைக்கு 147 டி.என்.ஏ. எழுத்து என்று கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்காமல் எந்த மரபணுவையும் படிக்க முடியாது. பாக்டீரியாவில் தடுக்காத வரை மரபணு ஓடும். நம்மிடம் யாராவது மெனக்கெட்டு எழுப்பாத வரை தூங்கும். இந்தக் கட்டை இழுத்துத் தளர்த்துவதற்கென்றே ஏ.டி.பி. என்ற செல் எரிபொருளைச் செலவழிக்கும் கூட்டங்கள் தனியாக உண்டு. எஸ்.டபிள்யூ.ஐ./எஸ்.என்.எஃப். என்று ஈஸ்டில் கண்டுபிடித்தார்களே, அது ஒன்று. அதற்குத் தனிப் பதில் எழுத வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டு அவிழ்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது படியெடுக்கும் நொதி வரவேண்டும். புரதங்களுக்கான மரபணுக்களைப் படிப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் டூ. இப்படி மூன்று பாலிமரேஸ்கள் இருப்பதை 1969இல் ராபர்ட் ரோடர் என்ற ஆய்வு மாணவர் தன் வழிகாட்டி ரட்டருடன் சேர்ந்து கண்டுபிடித்தார். டூ என்கிற இது பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்த எந்திரம். (ஐரோப்பாவில் 'டெத் கேப்' என்ற காளானைத் தவறுதலாகச் சமைத்துத் தின்றவர்கள் ஈரல் கெட்டுச் சாவதற்குக் காரணம், அதன் நஞ்சு இந்த நொதியைப் பிடித்து நிறுத்துவதுதான்.) இந்த நொதிக்கு ஒரு வால் உண்டு. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். ஈஸ்டில் 26 முறை, மனிதனில் 52 முறை. வாலை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

இத்தனை இருந்தும் பாலிமரேஸுக்கு மரபணுவின் தொடக்கம் எங்கே என்று தானாகத் தெரியாது. அதற்கு ஐந்தாறு பொதுக் காரணிகள் வரவேண்டும். அவற்றில் டி.பி.பி. என்ற புரதம் குதிரைச் சேணம் மாதிரி டி.என்.ஏ. மேல் ஏறி உட்கார்ந்து, அதை 80 டிகிரி அளவுக்கு மடக்கிவிடுகிறது. கடைசியாக வரும் டி.எஃப்.டூ.ஹெச். இரண்டு இழைகளையும் விலக்கித் திறக்கிறது. இவை எல்லா மரபணுக்களுக்கும் பொது ஆட்கள். கண்ணிலும் இருக்கும், மஜ்ஜையிலும் இருக்கும்.

எந்த மரபணு என்று முடிவு செய்வது நீங்கள் சொன்ன டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்கள். ரத்தச் சிவப்பணு உருவாகும் செல்லில் காட்டா-1 என்று ஒன்று முக்கியம். ஆனால் இது பெரும்பாலும் மரபணுவின் வாசலில் வந்து உட்காருவதில்லை. ஹீமோகுளோபினின் ஒரு பாகமான பீட்டா குளோபினின் மரபணுவுக்கான முக்கியக் கட்டளைப் பகுதி சுமார் 50,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. இந்தப் பகுதியைத்தான் என்ஹான்சர் என்கிறோம். அந்தத் தூரம் சும்மா அலங்காரம் இல்லை. 1983இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்தசோகை) நோயாளியின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்ட குரோமோசோமில் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரு குறையும் இல்லை, முழுசாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த நீண்ட பகுதிதான் காணவில்லை. மரபணு நன்றாக இருந்தும் பேச்சு மூச்சு இல்லை.

ஆக, ஒருவர் அங்கே, இன்னொருவர் இங்கே. அங்கே உட்கார்ந்திருக்கும் காட்டா-1 சொல்வது இங்கே வாசலில் நிற்கும் பாலிமரேஸின் காதில் எப்படி விழுகிறது? உங்கள் கேள்விக்கான விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1980களின் இறுதிவரை பலரின் எண்ணம், பாக்டீரியாவில் நடப்பதுபோல நேரடித் தொடுகைதான் என்பது. நடுவில் உள்ள டி.என்.ஏ. வளைந்து கொடுக்கும், இரண்டு பேரும் தொட்டுக்கொள்வார்கள், முடிந்தது வேலை. ஸ்டான்ஃபோர்டில் ரோஜர் கோர்ன்பெர்க் குழு பேக்கரி ஈஸ்டை அரைத்து, அதன் உட்கருச் சாற்றை வைத்துச் சோதனைக் குழாயில் படியெடுத்தலை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. (அப்பா ஆர்தர் கோர்ன்பெர்க் 1959இல் நோபல் வாங்கியபோது இவர் பன்னிரண்டு வயதுப் பையனாக ஸ்டாக்ஹோம் போனவர். 2006இல் தானே போய் வாங்கினார்.)

அங்கே ஒரு விசித்திரம் தென்பட்டது. தூண்டும் புரதத்தை அதிகமாகக் கொட்டினால் படியெடுத்தல் கூடவேண்டும் அல்லவா? குறைந்தது. அந்தப் புரதத்துக்குச் சம்பந்தமே இல்லாத, வேறொரு தூண்டியால் இயங்கும் மரபணுவும்கூட அடங்கியது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஊரில் இருப்பது ஒரே ஒரு கல்யாணத் தரகர். கையில் ஜாதகமே இல்லாத ஐம்பது பேர் ஆளுக்கொரு பக்கம் அவரைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் பிடித்து உட்காரவைத்தால், நடக்கவேண்டிய கல்யாணமும் நின்றுபோகும். இரண்டு குடும்பங்களும் நேராகப் பேசிக்கொள்கிறவர்களாக இருந்தால் இந்தக் கூட்டத்தால் பாதிப்பே இருக்காது. நின்றுபோனதால்தான் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்றே தெரிகிறது.

டி.என்.ஏ.வில் இடம் கிடைக்காமல் சும்மா மிதக்கும் உபரித் தூண்டிகள்தான் அந்த ஐம்பது பேர். கோர்ன்பெர்க் குழு செய்த தர்க்கம் இதேதான். பற்றாக்குறையாக இருப்பது எது? பாலிமரேஸைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், பலனில்லை. பொதுக் காரணிகளைச் சேர்த்தார்கள், பலனில்லை. ஈஸ்ட் சாற்றிலிருந்து பிரித்த, இன்னும் சுத்தப்படுத்தாத ஒரு பகுதியைச் சேர்த்தபோது அடங்கிய படியெடுத்தல் மீண்டும் எழுந்தது. 1990இல் வெளியான கட்டுரையில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆசாமிக்கு மீடியேட்டர் என்று பெயர் வைத்தார்கள். அது என்ன புரதம், ஒன்றா பத்தா என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேலையை மட்டும் வைத்து வைத்த பெயர். (தூண்டும் புரதத்துக்குத் துணைநிற்கும் இப்படிப்பட்ட ஆட்களின் பொதுப்பெயர்தான் நீங்கள் கேட்ட கோஆக்டிவேட்டர்.)

புரதத்தைச் சுத்தப்படுத்துவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நாலு டிகிரி குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பல சிறு குப்பிகளில் பிடித்து, எந்தக் குப்பியில் 'வேலை' இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது. பிறகு அந்தக் குப்பியை இன்னொரு குழாயில் ஊற்றுவது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் சரக்கு குறையும். முதல் கட்டுரைக்கும் சுத்தமான மீடியேட்டருக்கும் நடுவில் நாலு வருடம் ஓடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதே சமயத்தில் ரிச்சர்ட் யங் குழு முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தது. பாலிமரேஸின் வாலை நினைவிருக்கிறதா? அந்த வாலைக் குட்டையாக வெட்டினால் ஈஸ்ட் குளிரில் வளராது. அப்படி வெட்டிய பின்னும் எந்த ஈஸ்டாவது பிழைத்து வளர்ந்தால், அதில் வேறு ஏதோ ஒரு மரபணு மாறி, வெட்டிய குறையை ஈடுகட்டியிருக்கவேண்டும். அந்த மரபணுக்களைத் தேடிப் பிடித்து எஸ்.ஆர்.பி. என்று பெயர் வைத்தார்கள். 1994இல் கோர்ன்பெர்க் குழு தன் மீடியேட்டரைச் சுத்தமாகப் பிரித்தபோது, அதில் இருந்த சுமார் இருபது புரதங்களுக்குள் யங்கின் எஸ்.ஆர்.பி. புரதங்களும் இருந்தன. ஒருவர் குளிர் அறையிலிருந்து, ஒருவர் ஈஸ்ட் தட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். உயிரியலில் ஒரு விஷயத்தை நான் உறுதியாக நம்புவது இப்படி இரண்டு வழிகள் சேரும்போதுதான்.

மனித செல்லில் தேடியவர்களின் கதை கொஞ்சம் வேடிக்கை. தைராய்டு ஹார்மோன் ஏற்பியை (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு மரபணுவைத் தூண்டும் புரதம்) வைத்துத் தேடிய ரோடர் குழு 1996இல் ஒரு கூட்டத்தைப் பிடித்து டிராப் என்றது. வைட்டமின் டி ஏற்பியை வைத்துத் தேடியவர்கள் டிரிப் என்றார்கள். ஆர்க், கிரிஸ்ப் என்று இன்னும் சில பெயர்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள் என்று தெரிய சில வருடங்கள் ஆயின. ஒரே புரதத்துக்கு நாலைந்து பெயர். அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இன்னும் திணறுகிறார்கள். 2004இல் எல்லோரும் உட்கார்ந்து பேசி மெட்1 முதல் மெட்31 வரை எண் கொடுத்தார்கள். ஈஸ்டில் 25 துண்டுகள், மனிதனில் அதிகபட்சம் 30.

இப்போது "எதற்கு இத்தனை பேர்" என்பதற்கு வரலாம். மீடியேட்டருக்குத் தலை, நடு, வால் என்று மூன்று பகுதிகள். மெட்14 என்ற நீண்ட புரதம் முதுகெலும்புபோல மூன்றையும் கோர்த்து நிற்கிறது. தலையும் நடுவும் பாலிமரேஸைப் பிடிக்கின்றன. தூண்டும் புரதங்கள் பெரும்பாலும் வாலிலும் அதன் ஓரங்களிலும் வந்து பிடிக்கின்றன, அதுவும் ஆளுக்கொரு கைப்பிடி. ஹெர்பிஸ் வைரஸின் வி.பி.16 புரதம் பிடிப்பது மெட்25ஐ. அடினோ வைரஸின் இ1ஏ பிடிப்பது மெட்23ஐ. மெட்23 இல்லாத எலி செல்களில் இ1ஏ முடங்கிப்போகும், வி.பி.16 வழக்கம்போல ஓடும். தைராய்டு, வைட்டமின் டி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் எல்லாம் மெட்1ஐத் தேடி வருகின்றன. நம் காட்டா-1க்கும் கைப்பிடி மெட்1தான் என்று 2006இல் காட்டினார்கள். மெட்1 இல்லாத எலிக் குஞ்சுகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன.

மனிதனிடம் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்கள் ஆயிரத்துக்கும் மேல். பாலிமரேஸ் டூ ஒன்றே ஒன்று. ஆயிரம் பேரும் நேராக அதன் மேல் விழுந்து பிடுங்க ஆரம்பித்தால் அது தாங்குமா? பல கைப்பிடிகள் உள்ள ஒரு பெரிய உடம்பு நடுவில் இருந்தால், ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் வெவ்வேறு இடங்களில் பிடிக்கலாம். ஒருவர் மட்டும் பிடித்தால் பலவீனமான செய்தி, நாலு பேர் சேர்ந்து பிடித்தால் பலமான செய்தி. 'ஆன்' 'ஆஃப்' என்று இரண்டு நிலை மட்டும் அல்ல, எவ்வளவு என்ற கணக்கும் இங்கே நடக்கிறது. ஸ்விட்ச் என்று சொன்னால் இது முழுக்க மறைந்துபோகும்.

சரி, கூட்டிவந்து உட்காரவைத்தாயிற்று. அப்புறம்? வாசலில் பாலிமரேஸை அதன் வாலோடு சேர்த்து மீடியேட்டர் பிடித்திருக்கிறது, ஓடவிட வேண்டுமே. டி.எஃப்.டூ.ஹெச். கூட்டத்தில் சி.டி.கே.7 என்ற நொதி உண்டு. அது பாலிமரேஸின் அந்த 52 மடிப்பு வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டும். மீடியேட்டர் அந்த வாலையும் அந்த நொதியையும் எதிரெதிரே சரியாகப் பிடித்துக்கொடுக்கிறது. 1994 கட்டுரையிலேயே, மீடியேட்டர் இருந்தால் இந்த ஒட்டும் வேலை சுமார் 12 மடங்கு கூடுவதைக் கண்டிருந்தார்கள். 2021இல் உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுத்த படங்களில் இந்த அமைப்பைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பாஸ்பேட் ஏற ஏற வால் மீடியேட்டரின் பிடியிலிருந்து நழுவும், பாலிமரேஸ் கிளம்பிவிடும்.

தரகர் உவமை இங்கே கொஞ்சம் உடைகிறது. நம் தரகர் கல்யாணம் முடிந்தால் கமிஷனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மீடியேட்டரோ, பாலிமரேஸ் போன பின்னும் சில பொதுக் காரணிகளோடு மேடையிலேயே நிற்கிறது என்று 2000ஆம் ஆண்டில் ஈஸ்ட் சாற்றில் காட்டினார்கள். அடுத்த மாப்பிள்ளைக்கு மேடை தயார். ஒரே மரபணுவைத் திரும்பத் திரும்ப வேகமாகப் படிக்க இது வசதி.

நாலாவதாக ஒரு பகுதியும் உண்டு, அது எப்போதும் ஒட்டியிருப்பதில்லை. சி.டி.கே.8, சைக்ளின் சி, மெட்12, மெட்13 நான்கும் சேர்ந்த துண்டு. இது ஒட்டியிருக்கும்போது மீடியேட்டரால் பாலிமரேஸைப் பிடிக்க முடியாது. ஒரு பூட்டு என்று நினைத்தார்கள், பிறகு சில மரபணுக்களுக்கு இதுவே உதவுகிறது என்றும் தெரிந்தது.

இதெல்லாம் ஈஸ்ட் ஆய்வகத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தோன்றினால், மெட்12ஐப் பாருங்கள். கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவருக்காவது இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். 2011இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 80 பெண்களிடமிருந்து எடுத்த 225 கட்டிகளின் மரபணுக்களைப் படித்தார்கள். சுமார் 70 சதவீதக் கட்டிகளில் மெட்12 மரபணுவில் பிழை. அதுவும் எங்கெங்கோ சிதறி இல்லை. மரபணுவின் ஒரே சின்னப் பகுதியில், பெரும்பாலும் 44ஆவது அமினோ அமிலத்தில். அந்த இடம்தான் மெட்12, சைக்ளின் சி-சி.டி.கே.8 ஜோடியைத் தூண்டும் இடம். அது பிசகினால் சி.டி.கே.8 மந்தமாகிவிடுகிறது. இது பரம்பரையாக வருவதல்ல, அந்தத் தசைச் செல்லில் மட்டும் நேர்ந்த மாற்றம். இத்தனை சாதாரணமான ஒரு கட்டிக்குப் பின்னால் இத்தனை பொதுவான ஒரு எந்திரத்தின் பிழை இருந்தது பலரை அசரவைத்தது. எல்லா மரபணுவுக்கும் பொதுவான ஆளிடம் பிழை என்றால் உடம்பு முழுக்க அல்லவா தெரியவேண்டும்? எந்தச் செல்லில், எந்தக் கைப்பிடியில் என்பதுதான் விஷயம்.

இன்னும் சண்டை ஓயாத ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 50,000 எழுத்து தூரத்தை மீடியேட்டர் ஒரு பாலம்போல இணைக்கிறது என்று புத்தகங்களில் படம் போட்டிருக்கும். ஆனால் 2019, 2020இல் செல்லிலிருந்து மீடியேட்டரைச் சட்டென்று அகற்றிப் பார்த்த சோதனைகளில், டி.என்.ஏ.வின் வளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன, படியெடுத்தல்தான் விழுந்தது. அப்படியென்றால் பாலம் வேறு யாரோ. 2018இல் இன்னொரு கருத்து பரபரப்பானது: மீடியேட்டரும் பாலிமரேஸும் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிபோல ஒன்றுகூடித் திரள்கின்றன, அந்தத் துளிக்குள் வந்தாலே போதும், தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று. உயிருள்ள எலி ஸ்டெம் செல்களில் திரள்கள் தெரிந்தன, உண்மை. அவை நிஜமாகவே துளிகள்தானா, துளியாக இருப்பதால்தான் வேலை நடக்கிறதா என்பது வேறு விஷயம். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பார்க்க அழகாக இருக்கும் வீடியோக்கள் கொஞ்சம் அதிகமாகவே சாதித்துவிட்டன என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை எழுப்புகிற கூட்டத்தையே பேசினேன். அடக்குகிற கூட்டங்களும் உண்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்கள் ஹீமோகுளோபின் கேள்விக்கு நேராகப் பதிலாக அமைவதால்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு காமா குளோபின் என்ற வேறு வகை. பிறந்த சில மாதங்களில் அது அடங்கி, பீட்டா எடுத்துக்கொள்ளும். அடக்குவது பி.சி.எல்.11ஏ என்ற புரதம் என்று 2008இல் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் காட்டினார்கள். அதுவும் தனியாக அடக்குவதில்லை. நர்ட் என்ற கூட்டத்தை அழைத்து வருகிறது. நர்ட் ஹிஸ்டோன்களை மறுபடி இறுக்கிவிடுகிறது. சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் சிக்கிள் செல் நோயாளிக்குப் பீட்டாவில்தான் பிழை, காமா நன்றாக இருக்கிறது. காமாவைத் திரும்ப எழுப்பினால் அவர் பிழைப்பார். (இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்.)

ஆனால் பி.சி.எல்.11ஏ மரபணுவை அப்படியே வெட்டிப் போடவும் முடியாது. மூளைக்கும் பி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களுக்கும் அது வேண்டும். 2023 நவம்பரில் பிரிட்டனும், அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை என்ன செய்கிறது என்றால், நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ மரபணுவில் புரதத்துக்கான எழுத்துகளைத் தொடாமல், அதே மரபணுவுக்குள் இருக்கும் ஒரு என்ஹான்சரில் சில எழுத்துகளை மட்டும் கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் கருவியால் குலைக்கிறது. 2023இல் அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர், அது தனிச் சோகம். சிவப்பணு வரிசையில் மட்டும் பயன்படும் என்ஹான்சர் அது. குலைக்கப்பட்ட அந்தச் சில எழுத்துகள் வேறு எதுவும் இல்லை, காட்டா-1 வந்து உட்காரும் இருக்கை. பீட்டா குளோபினை எழுப்பும் அதே காட்டா-1, அதே செல்லில், காமாவை அடக்கும் ஆளையும் எழுப்பிக்கொண்டிருந்தது.